கேளுங்க, சொல்றேன்

கே: பழைய வால்வு கிடார் ஆம்ப்ளிஃபயருக்கு ஏன் இவ்வளவு கிராக்கி? புது செட்டில் வராத சத்தமா அதில் வருகிறது? (இசைக்குழு மாணவர், பெருந்துறை)

ப: வரும். கம்பியை ஓங்கி மீட்டினால், தாங்கும்வரை தாங்கிவிட்டு ஒலி அலையின் தலையை அரிவாளால் சீவுவதுபோல் வெட்டிவிடும் புது செட்டின் டிரான்சிஸ்டர். காதில் கரகர. வால்வு என்ற கண்ணாடிக் குழலுக்குத் தாட்சண்யம் அதிகம். அலையைக் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கும். அப்போது நீங்கள் மீட்டாத ஸ்வரங்களும் ஒட்டிக்கொண்டு வரும்: முதலில் மேல் ஸட்ஜம், அதற்கும் மேலே ஒரு பஞ்சமம். சம்பளமில்லாமல் ஒத்து ஊத ஆள் கிடைத்த மாதிரி! 1960களில் கம்பெனிக்காரர்கள் கரகரப்பைக் குறைக்கப் பாடுபட, லண்டன் பையன்கள் குமிழைக் கடைசிவரை திருகிவிட்டார்கள். பிறந்தது ஹார்ட் ராக்.

கே: கொங்கு நாட்டுக்கும் வால்வுக்கும் என்ன சம்பந்தம்? (வாசகி, கோவை)

ப: கோவையில் இருந்துகொண்டு கேட்கலாமா அம்மணி? ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தரமுடியும் என்று 1941-லேயே சொன்னவர் உங்கள் ஜி.டி. நாயுடு. அப்புறம், மாரியம்மன் நோம்பி மைக்செட். வேப்பங்கிளையில் குழாயைக் கட்டி, பெட்டியில் சுவிட்சைப் போட்டால் உடனே பாட்டு வராது. வால்வின் கண்ணாடிக்குள் கங்கு மாதிரி சிவக்க வேண்டும். தூசி சூடாகிற வாசனை வரும். பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும் எங்களை மைக்செட்காரர் விரட்டி முடிப்பதற்கும் ‘ஹலோ’ வருவதற்கும் சரியாக இருக்கும்.

கே: ஈசிசி 83 வால்வு கேட்டேன். கடைக்காரர் 12ஏஎக்ஸ்7 தருகிறார். ஏமாற்றா? (கோபி)

ப: இல்லைங்க. அது ஐரோப்பாவில் வைத்த பேர், இது அமெரிக்காவில் வைத்த பேர். நம்ம ஊரில் ரேஷன் கார்டில் ஒன்று, வீட்டில் கூப்பிட ஒன்று இல்லையா? பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஒரு காலத்தில் வால்வு செய்தது. பழைய சாமான் கடையில் அதன் அட்டைப்பெட்டி கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

கே: பிளக்கைப் பிடுங்கிவிட்டு வால்வு செட்டை நானே திறந்து பார்க்கலாமா? (சென்னிமலை)

ப: ஐயோ, வேண்டாம். உள்ளே கபாசிட்டர் 300, 400 வோல்ட்டை மடியில் முடிந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கினது அதற்குத் தெரியாது.

கே: வீட்டுக்காரர் அப்படியொரு பெட்டியை வாங்கிவந்து நடுவீட்டில் வைத்திருக்கிறார். பார்க்கச் சகிக்கவில்லை. (பவானி)

ப: ஊர் ஜமக்காளத்தைப் போர்த்தலாம். ஆனால் செட் ஓடும்போது கூடாது, பொசுங்கிவிடும். இன்னொரு வழி: ‘மாடியில் வைத்தால் நன்றாகக் கேட்குமாம்’ என்று சொல்லிப் பாருங்கள். அதிலிருக்கும் டிரான்ஸ்பார்மரின் கனத்துக்கு, நாலாவது படியிலேயே விற்றுவிடுவார்.