வசப்பட்ட பந்தும் வராத கோலும்: பரபக்கம், சுபக்கம்

கால்பந்து ரசிகரின் துயரங்களை ஆராய்ந்தவர்கள் பெரும்பாலும் தோல்வித் துயரத்தோடு நின்றுவிடுகிறார்கள். அது எளிய துயரம். நான்கு கோல் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறவருக்கு யாரைத் திட்டுவது என்பதாவது தெரிந்திருக்கும். இக்கட்டுரை எடுத்துக்கொள்வது நுட்பமான வேறொரு வகை: பந்து ஆட்டம் முழுக்க நம்மவர் காலிலேயே கிடந்தது, எதிரணி அதைத் தொட்டதே அபூர்வம், முடிவு 0-0. இந்நிலையில் ரசிகருக்கு முதலில் வருவது தூக்கம், அடுத்தது சினம், மூன்றாவது விவாதம். முதலிரண்டும் இறுதி விசிலோடு தீர்ந்துவிடும். விவாதத்துக்கு இறுதி விசில் கிடையாது. எனவே ஆய்வுக்கு அதுவே உகந்தது.

ஆய்வுக் களம் மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்ட் டிராஃபோர்டு மைதானம். காலம் 2015-16 பருவம். பயிற்சியாளர் நெதர்லாந்தின் லூயி வான் கால். இந்நோய் பல ஊர்களில் உண்டு என்றாலும் இவ்வளவு கலப்படமில்லாத மாதிரி வேறெங்கும் கிடைக்கவில்லை. வோல்ஃப்ஸ்பர்க்குடன் மோதிய 2015 செப்டம்பர் 30-க்குப் பிறகு, ஸ்டோக் அணி வந்த 2016 பிப்ரவரி 2 வரை, மான்செஸ்டர் யுனைடெட் சொந்த மைதானத்தில் 11 ஆட்டங்கள் ஆடியது. அந்த 11 ஆட்டங்களின் முதல் பாதியில் யுனைடெட் போட்ட கோல் ஒன்றுகூட இல்லை. ஓல்ட் டிராஃபோர்டு ஒட்டுமொத்தமாக முதல் பாதியில் கோலே காணவில்லை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. ஒன்று கண்டது, டிசம்பர் 19 அன்று, 38-ஆவது நிமிடத்தில். போட்டவர் நார்விச் அணியின் கேமரன் ஜெரோம்.

முறையியல் பற்றி ஒரு சொல். சிவஞான சித்தியார் பிற சமயங்களின் கொள்கைகளைப் பரபக்கத்தில் வரிசையாக நிறுத்தி மறுத்துவிட்டு, தன் கொள்கையைச் சுபக்கத்தில் நிறுவுகிறது. அருணந்தி சிவாச்சாரியார் கால்பந்து பார்த்ததற்குச் சான்றில்லை. ஆனாலும் யுனைடெட் ரசிகர்களின் விவாதத்தை ஒழுங்குபடுத்த இதைவிட நல்ல முறை இவ்வாய்வாளருக்குத் தென்படவில்லை.

பரபக்கத்துக்குள் நுழையுமுன் அளவைப் பிரச்சினையைத் தீர்த்துவிட வேண்டும். திரையில் 65, 70 என்று காட்டுகிறார்களே, அந்தப் பந்து வசச் சதவீதத்தை யாரோ நிறுத்துக்கடிகாரத்தை அழுத்தி அழுத்திக் கணக்கிடுவதாகவே ரசிகர் நினைக்கிறார். புள்ளிவிவர நிறுவனமான ஆப்டா கணக்கிட்ட முறை வேறு: இரு அணிகளின் மொத்தப் பாஸ்களில் ஒரு அணியின் பங்கு எவ்வளவோ, அதுவே அந்த அணியின் வசம். விளைவைக் கவனியுங்கள். ஒரு விங்கர் பந்தோடு ஐம்பது மீட்டர் ஓடி, மூன்று பேரைக் கடந்து, கோல்கீப்பரை நடுங்க வைத்தால் வசக் கணக்கில் ஏறுவது பூஜ்யம். இரண்டு சென்டர் பேக்குகள் நின்ற இடத்திலேயே தங்களுக்குள் பத்து முறை பந்தைத் தட்டிக்கொண்டால் பத்து ஏறும். திறமைக்கும் இந்த எண்ணுக்கும் உள்ள உறவு, படிப்புக்கும் வருகைப் பதிவேட்டுக்கும் உள்ள உறவுதான்.

இனிப் பரபக்கம்.

முதலாவது பொறுமைவாதம். பந்தை அங்குமிங்கும் சுற்றிக்கொண்டே இருந்தால் எதிரணி களைக்கும், எங்கோ ஒரு கதவு திறக்கும் என்பது இவர்கள் கொள்கை. ஆதாரமாக இவர்கள் காட்டும் வேதவாக்கு 2010 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் 116-ஆவது நிமிடத்தில் ஸ்பெயினின் இனியஸ்டா போட்ட கோல். மறுப்பு: எக்ஸ்ட்ரா டைம் இல்லாத லீக் ஆட்டத்தில் 116-ஆவது நிமிடம் என்று ஒன்று வருவதில்லை. தவிர, இரண்டு வரிசை கட்டிப் பெனால்டி பாக்ஸின் முன் நிற்கும் எட்டுப் பேருக்கு, வலப்பக்கம் நான்கு அடி, இடப்பக்கம் நான்கு அடி நகர்வதில் என்ன களைப்பு?

இரண்டாவது உதைவாதம். இவர்களது சாத்திரம் முழுவதும் ‘ஷூட்!’ என்ற ஒற்றைச் சொல்லில் அடங்கும். வீரர் நடுக்கோட்டைத் தாண்டியதுமே கேலரியிலிருந்து இச்சொல் எழும். பெனால்டி பாக்ஸுக்கு வெளியிலிருந்து அடிக்கும் பந்துகளில் நூற்றுக்கு மூன்றோ நான்கோதான் உள்ளே போகும் என்பது எண்ணிப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒப்புக்கொண்ட செய்தி. உதைவாதிகளிடம் இதைச் சொன்னால், “போகட்டும், அடிக்காமல் இருப்பதில் எத்தனை போகிறது?” என்பார்கள். மறுப்பு இல்லை. அடுத்த மதத்துக்குப் போகலாம்.

ஆள்வாதம்: ‘ஒரு நல்ல ஸ்ட்ரைக்கர் இருந்திருந்தால்.’ 2015 கோடையில் யுனைடெட் ஹெர்னாண்டஸை விற்றது. வான் பெர்சியும் போனார், ஃபால்காவோவும் போனார். மொனாக்கோவிலிருந்து 19 வயது மார்சியால் வந்தார். ஜெர்மனிக்குப் போன ஹெர்னாண்டஸ் லெவர்குசன் அணிக்காக அந்தப் பருவத்து லீகில் 17 கோல் அடித்தார். ஆள்வாதிகள் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்தக் கணக்கைப் பார்த்துப் பார்த்து நெஞ்சில் அடித்துக்கொண்டார்கள். இவர்கள் வாதத்தில் வலு உண்டு. ஆனால் லாடம் போன்ற பாதையில் பந்தைச் சுற்றும் அணிக்கு — இடது பேக்கிடமிருந்து சென்டர் பேக், அவரிடமிருந்து மற்ற சென்டர் பேக், அவரிடமிருந்து வலது பேக், பிறகு வந்த வழியே — ஸ்ட்ரைக்கர் யாராக இருந்தால் என்ன? நான்கு வீதியும் சுற்றித் தேர் நிலைக்குத் திரும்புவதைத் தொலைவில் நின்று கும்பிடுவதற்கு ஹெர்னாண்டஸ் எதற்கு?

பொற்காலவாதிகள் தொகையில் பெரியவர்கள். 1986 முதல் 2013 வரை அலெக்ஸ் ஃபெர்குசன் பயிற்சியாளராக ஆண்ட காலத்தில் யுனைடெட் எப்போதும் பாய்ந்து பாய்ந்து தாக்கியது என்பது இவர்கள் நம்பிக்கை. ‘அட்டாக், அட்டாக், அட்டாக்’ என்ற கேலரிக் கோஷம் இவர்கள் சொத்து. வாழ்த்தாகப் பிறந்த அந்தக் கோஷம் 2015-இன் இலையுதிர் காலத்தில் கோரிக்கை மனுவாக மாறியது. மான்செஸ்டர் சிட்டியுடன் 0-0, மிடில்ஸ்பரோவுடன் 120 நிமிடம் ஆடியும் 0-0 (பெனால்டியில் தோல்வி), கிறிஸ்டல் பாலஸுடன் 0-0 என்று அக்டோபரின் கடைசி வாரம் கழிந்த பிறகு வேறெப்படி மாறும்? எனினும் ஒன்றைக் குறித்துவைக்க வேண்டியிருக்கிறது. பொற்காலத்தின் உச்ச நாள் 1999 மே 26. பார்சிலோனாவில் பயர்ன் மியூனிக்கை வீழ்த்திய அந்த இரண்டு கோல்களும் இஞ்சுரி டைமில், பெக்காம் அடித்த இரண்டு கார்னர்களிலிருந்து பிறந்தவை. அதற்கு முந்தைய தொண்ணூறு நிமிடத்தில் யுனைடெட்டின் தாக்குதல் எப்படி இருந்தது என்று பொற்காலவாதிகளைக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறார்கள்.

எஞ்சியது எண்வாதம். இதற்கு ஆதிகுரு உண்டு. சற்று நின்று வணங்கிப் போவோம். சார்லஸ் ரீப், பிரிட்டிஷ் விமானப்படையில் கணக்கு அதிகாரி. 1950 மார்ச் 18 அன்று ஸ்விண்டன் டவுன் ஆடிய ஆட்டத்தின் முதல் பாதியைப் பார்த்து வெறுத்துப்போய், இடைவேளைக்குப் பிறகு பென்சிலை எடுத்து ஒவ்வொரு நகர்வையும் குறிக்கத் தொடங்கினார். நிறுத்தவேயில்லை. வெளிச்சம் போதாத மாலைகளில் சுரங்கத் தொழிலாளியின் விளக்குத் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு எழுதினார். 1968-இல் பெர்னார்ட் பெஞ்சமின் என்ற புள்ளியியலாளரோடு சேர்ந்து ராயல் புள்ளியியல் சங்கத்தின் இதழில் கட்டுரையே வெளியிட்டார். அவர் கண்ட முடிவு: பத்தில் எட்டு கோல்கள் மூன்று பாஸ்களுக்குள் பிறக்கின்றன, ஆகவே நான்காவது பாஸ் வீண்.

கேட்டதும் உதைவாதிகள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஆனால் அதே நோட்டுப் புத்தகங்களில் இன்னொரு செய்தியும் இருந்தது. ஆட்டத்தில் நிகழும் எல்லா நகர்வுகளையும் எடுத்துக்கொண்டால், பத்தில் ஒன்பதுக்கு மேல் மூன்று பாஸுக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. பெரும்பாலும் பந்தைப் பறிகொடுத்து. அதாவது, நூற்றில் தொண்ணூறுக்கு மேல் இருக்கும் கூட்டம் எண்பது கோல்தான் போட்டது. பத்துக்கும் குறைவாக இருந்த கூட்டம் மிச்ச இருபதைப் போட்டது. கூலிக்கணக்கு தெரிந்த எவருக்கும் யார் நன்றாக வேலை செய்தார்கள் என்று புரிந்திருக்கும். ஒரு கணக்கு அதிகாரியின் கண்ணுக்கு இது தப்பியது எப்படி என்பது தனி ஆய்வுக்குரியது. ஸ்விண்டனின் அந்த முதல் பாதி அவ்வளவு கொடுமையாக இருந்திருக்க வேண்டும்.

எண்வாதத்துக்குள்ளேயே ரீப்பின் எதிர்த்துருவத்தில் நின்றவர் வான் காலேதான். 2015 பிப்ரவரியில் வெஸ்ட் ஹாமுடன் 1-1 என்று முடிந்த ஆட்டத்துக்குப் பிறகு, ‘யுனைடெட் வெறும் நெடும்பந்து அணி’ என்ற பொருளில் வெஸ்ட் ஹாம் பயிற்சியாளர் சாம் அலர்டைஸ் கிண்டலடித்தார். சில நாள் கழித்து வான் கால் பத்திரிகையாளர் சந்திப்புக்கு அச்சிட்ட தாள்களோடு வந்தார். பாஸ்கள் எந்தத் திசையில் எவ்வளவு தூரம் போயின என்ற வரைபடங்கள். நிருபர்களுக்கு விநியோகித்து, விளக்கவுரையும் ஆற்றினார். இத்துறையில் துணைவேந்தர் இல்லாத குறையால்தான் அவருக்கு முனைவர் பட்டம் தவறிப்போனது என்பது இவ்வாய்வாளரின் பணிவான கருத்து. தாளில் எல்லாம் இருந்தது. கோலுக்கான பத்தி மட்டும் அவர் தயாரித்த வடிவத்தில் இல்லை.

சுபக்கம்.

மேற்கண்ட எல்லா மதங்களும் ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகின்றன: இது தாக்குதல், ஆனால் பலிக்காத தாக்குதல் என்று அனைவரும் கொள்கிறார்கள். இது தாக்குதலே அல்ல என்பது நம் சித்தாந்தம். இது தற்காப்பு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு நடக்கும் தற்காப்பு. பந்து நம்மிடம் இருக்கும்வரை எதிரி கோல் போட முடியாது என்ற அச்சத்தின் கணக்கு.

சான்றுகள். 2015-16 பிரீமியர் லீகில் யுனைடெட் போட்டது 38 ஆட்டத்தில் 49 கோல், வாங்கியது 35. அந்த ஆண்டு லீகிலேயே மிகக் குறைவாகக் கோல் வாங்கிய அணிகள் இரண்டு: டாட்டன்ஹாம், யுனைடெட். சாம்பியன் லெஸ்டர்கூட 36 வாங்கியது. ஆனால் லெஸ்டர் போட்டது 68. அதுவும் பந்தை எதிரியிடம் கொடுத்துவிட்டு, பின்னால் காத்திருந்து, பறித்ததும் ஸ்ட்ரைக்கர் வார்டியை ஓடவிட்டு. பந்தைப் பறித்த முதல் சில நொடிகளில்தான் எதிரணி கலைந்து கிடக்கும். அந்த நொடிகளில் யுனைடெட் செய்தது, பந்தைப் பத்திரமாகப் பின்னால் அனுப்பியது. எதிரணி மூச்சு வாங்கி, வரிசை கட்டி, நிமிர்ந்த பிறகு ஆட்டத்தைத் தொடங்கியது. ஆக, திரையில் காட்டிய அந்தச் சதவீதத்தில் பெரும்பகுதி நாம் பிடுங்கியதல்ல. வேண்டாமென்று எதிரி விட்டுப்போனது.

ஒரு ஆட்சேபம் எழலாம்: கோல் வாங்காததற்குக் காரணம் பந்து வசமா, டேவிட் டி ஹேயாவா? நியாயமான ஆட்சேபம். பந்து எப்போதும் நம்மிடமே இருந்த அந்தப் பருவத்தில், ஆண்டின் சிறந்த வீரராக ரசிகர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தது கோல்கீப்பரைத்தான். சித்தாந்தத்தில் சிறு விரிசல் விழுகிறது; பூசிவிட்டு மேலே போகிறோம்.

ஸ்பெயின் சான்று விரிசலே இல்லாதது. 2010-இல் ஏழு ஆட்டத்தில் எட்டே கோல் போட்டு உலகக் கோப்பையை வென்றார்கள். நாக்அவுட்டில் நான்கு ஆட்டமும் 1-0. அழகான தாக்குதல் என்று உலகம் கொண்டாடியது. வாங்கிய கோல் மொத்தமே இரண்டு என்பதை யாரும் பாடவில்லை. அதே சரக்கு 2022 டிசம்பர் 6 அன்று கத்தாரில் மொராக்கோ முன் விற்பனைக்கு வந்தது. ஆயிரத்துக்கு மேல் பாஸ்கள், 120 நிமிடம், கோல் இல்லை. குறிக்குள் சென்ற அடிகளை எண்ண ஒரு கையின் எல்லா விரல்களும் தேவைப்படவில்லை. வீரர்கள் ஆளுக்கு ஆயிரம் பெனால்டியாவது பழகிவர வேண்டும் என்று வீட்டுப்பாடம் கொடுத்திருந்ததாக ஸ்பெயின் பயிற்சியாளர் லூயிஸ் என்ரிக்கே முன்னரே சொல்லியிருந்தார். மூன்று பேர் அடித்தார்கள், மூன்றும் போகவில்லை.

அப்படியென்றால் பந்தை வைத்திருப்பதே பாவமா? அல்ல. 2017-18-இல் குவார்டியோலாவின் மான்செஸ்டர் சிட்டி பந்தை யாருக்கும் தராமல் 106 கோல் போட்டது. அங்கே பாஸ் போன இடம் எதிரியின் முதுகுப்புறம். இங்கே போன இடம் சக வீரரின் பாதுகாப்பான பாதம். ஸ்பெயினும் இதைக் கற்றது. 2008 யூரோ இறுதிப் போட்டிக்குப் பிறகு 136 போட்டி ஆட்டங்களில் எதிரியைவிடப் பந்தை அதிகம் வைத்திருந்த அணி, 2024 ஜூன் 15 அன்று குரோஷியாவிடம் முதன்முறையாக வசத்தில் தோற்றது. ஆட்டத்தில் 3-0 என்று வென்றது. கோப்பையையும் எடுத்துக்கொண்டு போனது.

பரிகாரங்கள் பிற ஆட்டங்களில் உள்ளன. கூடைப்பந்தில் அமெரிக்கர்கள் 1954-லேயே 24 நொடிக் கடிகாரத்தை மாட்டிவிட்டார்கள். ஹேண்ட்பாலில் ஒரு அணி சும்மா பந்தைச் சுற்றினால் நடுவர் கையை உயர்த்துவார். அதன்பின் நான்கு பாஸுக்குள் கோலை நோக்கி எறியவில்லையென்றால் பந்து எதிரிக்கு. நம் கபடி இன்னும் கண்டிப்பானது: முப்பது நொடி மூச்சு. புரோ கபடியில் இரண்டு ரெய்டு வெறுங்கையோடு திரும்பினால், மூன்றாவதில் புள்ளியெடுக்காத ஆள் அவுட். வான் காலின் வலது பேக்கை ஒரே ஒரு மாலை அந்தக் களத்தில் இறக்கிவிட்டிருந்தால் இக்கட்டுரைக்கு அவசியம் நேர்ந்திராது.

விதிகளுக்குக் காத்திருக்க ரசிகர்களுக்குப் பொறுமையில்லை. பொறுமைவாதிகளுக்குக்கூட. அவர்கள் எல்லாரும் கடைசியில் ஒரே மதத்தில் சேர்ந்தார்கள்: பயிற்சியாளரை மாற்று. 2016 மே 21 அன்று வான் கால் எஃப்.ஏ. கோப்பையை வென்றார், 23 அன்று வேலை போயிற்று. மொரின்யோ வந்தார். உலகின் மிக அதிக விலைக்குப் போக்பா வந்தார். ஆள்வாதிகள் கேட்ட ஸ்ட்ரைக்கராக இப்ராகிமோவிச்சே வந்தார். அடுத்த லீக் பருவத்தில் யுனைடெட் போட்டது 54 கோல், அதாவது முன்னதைவிட ஐந்து கூட. ஓல்ட் டிராஃபோர்டில் ஆடிய 19 லீக் ஆட்டங்களில் பத்து டிரா. முந்தைய ஆண்டு ஐந்தாமிடத்தில் இருந்த அணி ஆறாமிடத்துக்கு இறங்கியது. இதைப் பற்றி மாற்றுவாதிகளின் விளக்கம் கேட்டபோது, அவர்கள் வேறு வேலையாக இருந்தார்கள். அடுத்த பயிற்சியாளராக யாரைக் கொண்டுவரலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.