லக்சபானாவின் ஒற்றைச் சுரம்

கேள்வி: வால்வ் கிட்டார் அம்ப்பில் கால்சுவிட்ச் மிதித்துச் சேனல் மாற்ற ரிலே பூட்டினேன். அன்றிலிருந்து 'உம்ம்ம்' என்று ஒரே முனகல். பாட்டி பேய் என்கிறார்.
— ஹட்டன் வாசகர்

பதில்: பேயில்லை, லக்சபானா. 1950இலிருந்து உங்கள் பக்கத்து மலையில் கரண்ட் எடுக்கிறார்கள். (அது லயத்துக் காம்பரா வரை இறங்கிவர எத்தனை வருஷம் என்று பாட்டியிடமே கேளுங்கள்.) நம் கரண்ட் வினாடிக்கு 50 தடவை ஆடுகிறது. உங்கள் ஸ்பீக்கர் முனகுவது அந்த ஆட்டத்தைத்தான்.

கிட்டாரைச் சுருதி சேர்த்து, வயர் குத்தாமல், தடித்த கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டை அழுத்தி மீட்டுங்கள். அது 98 ஹெர்ட்ஸ். முனகல் அதைவிட ஒரு மயிரிழை தூக்கலாக இருந்தால் 100. ரெக்டிஃபயர் பக்கம் தேடுங்கள். ஒரு ஸ்தாயி கீழே என்றால் 50. பெரும்பாலும் ஹீட்டர் வயர் அல்லது எர்த். மீட்டர் வாங்கக் காசில்லாதவனுக்குக் காதுதான் மீட்டர்.

கேள்வி: தூக்கலாகத்தான் இருக்கிறது, கரகரப்பும் உண்டு. ரிலேக்கு ஹீட்டரின் 6.3 வோல்ட்டிலிருந்து பிரிட்ஜ் போட்டு எடுத்தேன். நெகட்டிவ்வைச் சேசிஸில் பற்றவைத்தேன். எல்லாரும் அப்படித்தானே செய்கிறார்கள்?
— அதே வாசகர், அதே முனகல்

பதில்: எல்லாரும் செய்து, எல்லாரும் எனக்குத்தான் எழுதுகிறார்கள். பல அம்ப்களில் ஹீட்டர் சுற்றின் நடுமுனை ஏற்கெனவே எர்த்தில் இருக்கும். பிரிட்ஜின் நெகட்டிவ்வையும் எர்த் செய்தால், ஒவ்வோர் அரை ஆட்டத்துக்கும் ஒரு டயோட் வழியாகப் பாதிச் சுற்று ஷோர்ட் ஆகும். டயோட் கருகலாம். அந்தக் கரண்ட் திரும்பிப் போகிற சேசிஸ் வழியில்தான் உங்கள் கிட்டாரின் மில்லிவோல்ட்டும் நடக்கிறது. ஒற்றையடிப் பாதையில் கொழுந்து லொறியை விட்டால் கூடைக்காரி எங்கே ஒதுங்குவாள்?

அந்த நெகட்டிவ்வைக் கழற்றுங்கள். ரிலேயின் கரண்ட் எதையும் தொடாமல் தனியே மிதக்கட்டும். கழற்றியும் முனகினால் கால்சுவிட்ச் ஜேக்கைப் பாருங்கள். இந்த இடத்தில் இரண்டு இரவு தூக்கம் தொலைத்தவன் நான். ஈயப்பற்று ஒன்றுவிடாமல் உருக்கி மறுபடி வைத்தேன். கடைசியில் பார்த்தால், ஜேக்கை இறுக்கிய நட்டே அதன் இரும்புக் கழுத்தைச் சேசிஸோடு சேர்த்திருந்தது. நான் வெட்டிய எர்த்தை என் ஸ்பேனரே திருப்பிக் கொடுத்திருக்கிறது! பிளாஸ்டிக் உடம்பு ஜேக் போட்டேன், அடங்கியது.

கை வைக்குமுன் ப்ளக்கைக் கழற்றி, கெப்பாசிட்டரை ரெசிஸ்டர் வழியாக வடித்து, மீட்டரில் அளந்து பாருங்கள். சுவிட்சை அணைத்த பிறகும் 300, 400 வோல்ட் உள்ளே உட்கார்ந்திருக்கும். காது மீட்டர் இதற்கு உதவாது. இரவல் வாங்கியாவது அளங்கள்.

கேள்வி: ப்ளக்கின் எர்த் பின்னை வெட்டிவிட்டால் இரைச்சல் நிற்குமாமே?
— தலவாக்கலை வாசகர்

பதில்: நிற்கலாம். நீங்களும் நிற்கலாம். கிட்டார் கம்பி சேசிஸோடு சேர்ந்தது. உள்ளே ஒரு வயர் கழன்று சேசிஸில் பட்டால் 230 வோல்ட் உங்கள் விரலுக்கு வரும், மைக்கில் உதடு பட்டால் பாட்டு முடிந்தது. அந்த யோசனை சொன்னவரை முதலில் வாசிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மழை மாதத்தில் மட்டும் கரகரக்கிறது.
— நுவரெலியா வாசகர்

பதில்: உங்கள் ஊரில் மழையில்லாத மாதம் எது? ஜேக்கின் உள்நாக்கு பச்சை பூத்திருக்கும். கொண்டாக்ட் கிளீனர் அடித்து, ப்ளக்கைப் பத்துத் தடவை குத்தி எடுங்கள்.

கேள்வி: முனகல் போயே போய்விட்டது! ஆனால் சேனல் மாற்றும்போது 'டொக்' என்கிறது.
— ஹட்டன் வாசகர், மூன்றாம் முறை

பதில்: ரிலே சுருளின் குறுக்கே ஒரு டயோட், தலைகீழாக. அதற்கும் அடங்காவிட்டால், ரிலே தொடுகிற கப்ளிங் கெப்பாசிட்டரின் வெளிமுனையிலிருந்து எர்த்துக்கு 1 மெகாஓம். அதற்கும் அடங்காவிட்டால் மாரியம்மன் திருவிழாவில், தப்புக்காரர் ஓங்கி அடிக்கும் நேரம் பார்த்து மிதியுங்கள்.