பதினோரு மாதக்காரர்கள்

போன வாரம் மறுபடியும் பதினோரு மாதம் முடிந்துவிட்டது. செம்பூரில் வாடகைக்கு இருப்பவனுக்கு வருஷமே அவ்வளவுதான். பன்னிரண்டாவது மாதம் சொந்த வீட்டுக்காரர்களுக்கு.

எனக்கு உண்மையான கடுப்பு டெபாசிட் விஷயத்தில். அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் இந்தப் பதினோரு மாதம்.

ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்யச் சொன்னது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். ஒரு மாதத்தை வெட்டி, பதிவுச் செலவை மிச்சம் பிடித்தார்கள் நம் பெரியவர்கள். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் 1999ஆம் ஆண்டு மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, எத்தனை மாதமானாலும் எழுதிப் பதிவு செய்தே தீரவேண்டும் என்று அந்தக் கெட்டிக்காரத்தனத்தில் மண்ணைப் போட்டது. நாம் அசரவில்லை. பதிவும் செய்கிறோம், பதினோரு மாதத்தையும் விடமாட்டோம்.

"பதினோரு மாசம்னா சேஃப் சார்" என்கிறார் தரகர். யாருக்கு? கணக்குப் போட்டுப் பார்த்தேன். பதினோரு வருஷத்தில் பன்னிரண்டு அக்ரிமெண்ட். அவருக்கு ஒரு கமிஷன் உபரி. வீட்டுக்காரருக்கு ஒரு வாடகை உயர்வு உபரி.

அதுகூடப் பரவாயில்லை. இந்தத் தேதி நின்ற இடத்தில் நிற்பதில்லை. ஒரு வருஷம் தீபாவளிக்கு வந்தால் அடுத்த வருஷம் நவராத்திரிக்கு வரும். அதற்கடுத்து கணபதிக்கு. அப்புறம் நேராக ஆடிக்கு. ஆடியில் வீடு மாற என் மனைவி ஒருகாலும் சம்மதிக்கமாட்டாள். வீட்டுக்காரரும் மாட்டுங்காத் தமிழர். ஆடியின் அருமை தெரிந்தவர். வாடகையை ஏற்ற அந்த வருஷத்துக்காகவே காத்திருப்பார். இந்த வருஷம் ஆடி.

பாந்த்ரா குடும்ப நீதிமன்றத்தில் மனமொத்து விவாகரத்து கேட்டால்கூட, வழக்கமாக ஆறு மாதம் யோசித்துவிட்டு வரச் சொல்வார்கள். எனக்குக் கிடைத்தது காபி ஆறும் நேரம். அதற்குள் ஏஜென்ட் பையன் ரேகை மெஷினை டீப்பாயில் வைத்துவிட்டான். என் கட்டைவிரலை மெஷினுக்குப் பிடிக்கவில்லை. வேட்டியில் துடைத்தேன், விபூதி தொட்டு வைத்தேன், ஊதினேன். "அழுத்துங்க அங்கிள்" என்றான். வாடகையே அழுத்துகிறது, நான் வேறு எதற்கு? அக்ரிமெண்டை நான் படிக்கவில்லை. நீங்களும் படித்திருக்கமாட்டீர்கள்.

டெபாசிட்டைப் பற்றிச் சொல்ல இடமில்லை. இதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். பதிவு செய்வது வீட்டுக்காரர் பொறுப்பு. தவறினால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பதிவில்லாமல் தகராறு வந்தால், வேறு விதமாக நிரூபணமாகும்வரை நிபந்தனைகளில் குடியிருப்பவர் சொல்வதுதான் செல்லும். 11 மாதமோ 60 மாதமோ, முத்திரைத்தீர்வை 0.25 சதவீதம்தான். நகரத்தில் பதிவுக் கட்டணம் ஒரு தடவைக்கு 1,000 ரூபாய்.

ஆகவே அடுத்த தடவை 36 மாதம் கேளுங்கள். சட்டம் தடுக்காது. தரகர் தடுப்பார்.