பேசின் பிரிட்ஜ் அவுட்டரில் பொறுமை: ஒரு திணையியல் ஆய்வு

நோக்கம்

சென்னை சென்ட்ரலுக்கு வரும் விரைவு வண்டி, பேசின் பிரிட்ஜை நெருங்கியதும் காரணம் சொல்லாமல் நிற்கும். இதனைப் பயணிகள் 'அவுட்டர்ல போட்டுட்டான்' என்பர். போட்டவன் யார் என்பது இன்றுவரை நிறுவப்படவில்லை. இவ்விடத்தில் மனிதருக்குப் பொறுமையும் சிந்தனையும் பிறப்பதாக ஒரு கருத்து நிலவுகிறது. அவற்றின் தோற்றம், இருப்பு, அழிவு ஆகியவற்றை ஆராய்வதே இக்கட்டுரை.

முதற்பொருள்

நிலம்: கூடூர், அரக்கோணம், கடற்கரை ஆகிய மூன்று பக்கத்துத் தடங்களும் வந்து கூடும் சந்திப்பு. சென்ட்ரலின் நடைமேடையில் நிற்கும் வண்டி வெளியே வந்தாலொழிய, வெளியே நிற்பது உள்ளே போகாது.

பொழுது: வைகறை. மேற்கிலிருந்து இரவெல்லாம் ஓடிவரும் வண்டிகள் விடியலில்தான் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரும்.

பெரம்பூரிலிருந்து சென்ட்ரல் ஏறக்குறைய 6 கி.மீ. கால அட்டவணை இந்தக் கடைசித் துண்டுக்கு மட்டும் கைதாராளமாக நேரம் ஒதுக்கும். வழியில் தாமதித்த வண்டியும் கணக்கில் நேரத்துக்கு வந்ததாக வேண்டுமல்லவா? ஒழுங்காக ஓடிவந்த வண்டிக்கோ அந்த மிச்ச நேரமே தண்டனை.

கருப்பொருள்

தெய்வம், சிவப்பு விளக்கு. மரம், தண்டவாளத்தோர ஆமணக்கு; மரம் கிடைக்காதவிடத்துச் செடியும் மரமாகக் கொள்ளப்படும். புள், காகம். உணவு, நேற்றிரவுப் பொட்டலத்தில் மிஞ்சிய இட்லி. பறை, பக்கத்துத் தடத்தில் தடதடத்துப் போகும் மின்சார வண்டி. யாழ், மேல் பெர்த்தில் அடித்துக்கொண்டே இருக்கும், உரியவர் அணைக்காத அலாரம். நீர், பக்கிங்காம் கால்வாய். இது கண்ணால் அன்றி மூக்கால் அறியப்படுவது. போர்வைக்குள் இருப்பவரும் 'சென்ட்ரல் வந்துடுச்சு' என்று எழுவது இதனாலேயே.

உரிப்பொருள்

முல்லைக்கு இருத்தல், நெய்தலுக்கு இரங்கல். அவுட்டருக்கு எது? ஆய்வுக்குட்பட்டோர் மூவகையினர்.

முதலாமவர் எழுந்தோர். பெரம்பூர் தாண்டியதுமே பையைத் தோளில் மாட்டி, பெட்டியை நடைபாதையில் நிறுத்தி, வாசலை நோக்கி நிற்பவர். 'ஏங்க, உக்காருங்களேன்' என்று மனைவி சொல்வார். 'இதோ எடுத்துருவான்' என்பது மறுமொழி. உட்காராதது என்னை எனின், உட்கார்ந்தால் எழுந்தது வீண் என்றாகிவிடும் ஆகலின்.

இரண்டாமவர் காரணம் உரைப்போர். 'கிராசிங் சார்' என்பார் ஒருவர். 'இங்க ஏது சார் கிராசிங்? பிளாட்பாரம் காலி இருக்காது' என்று மறுப்பார் இன்னொருவர். வேறொருவர் கைப்பேசிச் செயலியைக் காட்டி, வண்டி ஏற்கெனவே சென்ட்ரலில் நிற்பதாக நிறுவுவார்.

கடையவர் அமர்ந்தோர். சன்னலோரம் இருக்கும் பெரியவர் யார்டில் காலிப் பெட்டிகளைக் குழாய் பிடித்துக் கழுவுவதைப் பார்க்கிறார். சோப்புத் தண்ணீர் சன்னல் கம்பிகளில் வழிந்து, படிக்கட்டில் சொட்டி, கருங்கல் சல்லியில் காணாமற்போகிறது. 'தினம் இவ்ளோ தண்ணி எங்கருந்து வருது?' என்று யாரையும் பார்க்காமல் கேட்கிறார். விடை சொல்வாரில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. நம் களப்பணியில் கிட்டிய தூய சிந்தனை இதுவொன்றே.

சட்ட நோக்கு

திருக்குறளின் 16-ஆம் அதிகாரம் பொறையுடைமை. பத்துக் குறள் இருந்தும் எத்தனை நிமிடம் என்ற குறிப்பு இல்லை. இக்குறையைத் தீர்த்தது இந்திய ரயில்வேயின் பொதுவிதி. தானியங்கி சிக்னல் சிவப்பாக இருந்தால் ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, பகலில் 1 நிமிடமும் இரவில் 2 நிமிடமும் காத்திருந்து, பிறகு எச்சரிக்கையுடன் ஊர்ந்து செல்லலாம். இருட்டில் பொறுமை இருமடங்கு வேண்டும் என்பது இதனால் பெறப்படும். நிலையத்தார் கையாளும் சிக்னலுக்கு இச்சலுகை இல்லை. அவர்கள் விடும்வரை நிற்க வேண்டியதே. ஆகவே பொறுமை அளவுடையது, அளவிலாதது என இருவகைத்து. பேசின் பிரிட்ஜில் பெரிதும் விளைவது பின்னது.

முடிவு

வண்டி ஓரடி குலுங்கியதும் மூவகையினரும் ஓரினமாகி வாசலை அடைகின்றனர். தண்ணீர் பற்றிக் கேட்ட பெரியவரே முன்னால் நிற்பவரின் முதுகில் பையால் இடிக்கிறார். எனவே பொறுமை என்பது குணமன்று. செய்வதற்கு ஒன்றுமில்லாத நிலையில் உட்கார இடமும் இருப்பது. உலகில் பொறுமையுள்ளோர், அற்றோர் என இரு சாரார் இல்லை. இன்னும் எழாதோர், எழுந்துவிட்டோர் என்றே உளர்.

பரிந்துரை: வண்டி நடைமேடையில் நின்றபின் எழுக. இதைச் சோதித்துப் பார்க்கத் தன்னார்வலர் தேடினோம். அனைவரும் வாசலில் இருந்தனர்.