ஆயிடும் சார்

எந்த வங்கிக் கிளையிலும் இவர் ஒருவர் இருப்பார். மேசைக் கண்ணாடிக்கு அடியில் முருகன் படம், கண்ணாடிக்கு மேலே ஊரார் வேலை. பென்ஷன்காரர் பாஸ்புக்கை நீட்டினால் வாங்கி வைத்துக்கொள்வார். மேனேஜர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தால் பாதி எழுந்த நிலையிலேயே பதில் சொல்வார். பக்கத்து சீட்டுக்காரர், "நாளைக்கு ஒரு விசேஷம், என் கவுண்டரையும் கொஞ்சம்..." என்று இழுப்பதற்குள் இவர் தலை ஆடிவிடும். எல்லோருக்கும் ஒரே பதில்தான்: "ஆயிடும்." எங்கள் கிளையில் அதுவே அவருக்குப் பெயராக நிலைத்துவிட்டது. பியூன்கூட, "அந்த ஃபைலா? ஆயிடும் சார் டேபிள்ல வெச்சுட்டேன்" என்பார். சொல்லும்போது குரலில் ஒரு அனுதாபம் இருக்கும், ஃபைலுக்காக.

ஆயிடும் சார் சோம்பேறி இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பாவம் சேரும். காலையில் ஷட்டரைத் தூக்கும்போது வாசலில் நிற்பவர் அவர்தான். ராத்திரி கடைசி ஃபேனை நிறுத்துவதும் அவரே. மதியச் சாப்பாட்டை மூன்று மணிக்குத் திறந்து, நாலு வாய் சாப்பிட்டு, யாரோ கூப்பிட்டார்கள் என்று மூடி வைப்பார். இவ்வளவு உழைப்பில் இன்று எது முடிந்தது என்று கேட்டால்தான் சங்கடம். ஒன்றைத் தொடும்போது அடுத்ததை ஒப்புக்கொள்வார், அடுத்ததைத் தொடும்போது மூன்றாவதாக ஒருவர் எதிரே வந்து உட்கார்ந்திருப்பார். அவருடைய மேசையில் எல்லாமே அரைவேக்காடு.

ஆவணி மாதம், முகூர்த்தங்கள் முட்டி மோதும் சமயம். சாயங்காலம் நாலே முக்காலுக்கு ஒரு அம்மாள் ஓட்டமும் நடையுமாக வந்தார். நகைக்கடனை அடைத்து நகையை மீட்க வேண்டும், மறுநாள் காலை பெண்ணுக்கு நிச்சயதார்த்தம்.

"தம்பி, இன்னிக்கே கைக்குக் கிடைச்சுடுமா?"

"ஆயிடும்மா. உக்காருங்க, தண்ணி குடிங்க."

அடகு நகை இருப்பது ஸ்ட்ராங் ரூமில். அதற்கு இரண்டு சாவி. ஒன்று கேஷ் பார்க்கும் மேடத்திடம், மற்றது மேனேஜரிடம். இரண்டு பேரும் சேர்ந்து வந்தால்தான் கதவு திறக்கும். எந்த ஆளையும் தனியாக நம்பாதே என்பது வங்கித் தொழிலின் பால பாடம். கம்ப்யூட்டரிலும் அப்படித்தான், என்ட்ரி போடுபவர் ஒருவர், பாஸ் பண்ணுபவர் வேறொருவர். ஆயிடும் சாரிடம் அந்த இரண்டு சாவியில் ஒன்றுகூடக் கிடையாது. வாக்கு மட்டும் அவருடையது.

அன்றைக்குப் பணம் டேலி ஆகி, ஸ்ட்ராங் ரூம் பூட்டியாகிவிட்டது. பஸ் ஸ்டாண்டு வரை போன மேனேஜர் திரும்பி வந்தார். கேஷ் மேடம் டியூஷன் வாசலில் காத்திருக்கும் பையனுக்குச் சொல்லச் சொல்லி டீச்சருக்குப் போன் போட்டார். கதவைத் திறந்து, பையைத் தேடி எடுத்து, சீலைப் பிரித்து, ஒவ்வொரு உருப்படியாகச் சரிபார்த்து, ரெஜிஸ்டரில் கையெழுத்து வாங்கி முடிக்கும்போது மணி ஆறேகால். கிளம்பும்போது அந்த அம்மாள் கையெடுத்துக் கும்பிட்டது ஆயிடும் சாரை. "நீ நல்லா இருக்கணும் தம்பி." அவரும் கூச்சத்தோடு, "இதெல்லாம் ஒரு உபகாரமாம்மா?" என்றார். உண்மைதான். நடந்த கூத்து முழுவதிலும் அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

கேஷ் மேடத்தின் வழி வேறு. "இன்னிக்கு ஆகாதுங்க. நாளைக்குப் பதினோரு மணிக்கு வாங்க, நேரா எங்கிட்டயே வாங்க" என்பார். பதினோரு மணிக்குப் போனால் வேலை முடிந்திருக்கும், பேனாவின் மூடியைக் கழற்றிக் கையெழுத்துப் போடும் இடத்தையும் காட்டுவார். தன் வேலை முடிந்தால் அஞ்சேகாலுக்குப் பையைத் தோளில் மாட்டிவிடுவார். ஊரில் அவருக்குப் பெயர் 'சிடுமூஞ்சி'. எங்கள் கிளையின் புகார்ப் புத்தகத்தில் அவர் மீது ஒரு பக்கத்துக்குப் புகார் இருக்கிறது. ஆயிடும் சார் மீது ஒரு வரி கிடையாது. நாலு நடை நடந்த கால்வலியை மனிதர்கள் மறந்துவிடுகிறார்கள், ஒரு தடவை "ஆகாது" என்று சொன்ன முகத்தைத்தான் மறப்பதில்லை.

மேனேஜர்களுக்கு ஆயிடும் சார் மாதிரி ஆள் கண்கண்ட தெய்வம். யாருக்கு எந்த வேலை, எதை முதலில் முடிப்பது, எதைத் தள்ளிப்போடுவது என்றெல்லாம் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதில்லை. மண்டல அலுவலகம் ஒரே வாரத்தில் இன்சூரன்ஸ் டார்கெட், கேஒய்சி புதுப்பித்தல், மகளிர் குழுக் கடன் மூன்றையும் கேட்டால், மூன்றையும் அந்த மேசைக்குத் தள்ளிவிட்டு, "டீம் வொர்க்தான் சார் நம்ம பலம்" என்று வீடியோ கூட்டத்தில் பேசலாம். டீம் வொர்க் தொடங்குவது மார்ச் 29 வாக்கில். அதுவரை ஆயிடும் சார் தனியாக ஒப்புக்கொண்டவற்றை, 31ஆம் தேதி நள்ளிரவு வரை எல்லோருமாகச் சேர்ந்து உட்கார்ந்து முடிப்போம். அவர் டீ வாங்கிக் கொடுப்பார். அந்த விஷயத்தில் குறை சொல்ல முடியாது.

வீட்டுக்குப் போனாலும் போன் ஓயாது. அலுவலக நேரத்துக்குப் பிறகு வரும் அழைப்புக்குப் பதில் சொல்லாமலிருக்கும் உரிமை பிரான்சில் 2017 முதல் சட்டமாகவே இருக்கிறது. இங்கேயும் எம்.பி. சுப்ரியா சுலே இதைத் தனிநபர் மசோதாவாக மக்களவையில் கொண்டுவந்தார். அது நிறைவேறியிருந்தாலும் ஆயிடும் சாரிடம் பலித்திருக்காது. ராத்திரி பத்தரைக்கு குரூப்பில் யாராவது ஒரு விவரம் கேட்டால், கேட்டவர் தூங்கப் போவதற்குள் இவருடைய கட்டைவிரல் படம் வந்துவிடும். விவரம் வராது.

கடைசியில் அவரைக் கிளையிலிருந்து பிரித்தது ரிசர்வ் வங்கி.

முக்கியப் பொறுப்பில் இருப்பவர்களை வருஷத்துக்கு ஒரு முறை, குறைந்தது 10 வேலை நாள், சேர்ந்தாற்போல் லீவில் அனுப்ப வேண்டும். முன்கூட்டிச் சொல்லவும் கூடாது. அந்த நாள்களில் பொதுவான அலுவலக மின்னஞ்சல் தவிர, வேலை சம்பந்தப்பட்ட எதன் பக்கமும் அவர் வரக் கூடாது. 2015இல் வந்த ஏற்பாட்டை 2021 ஜூலையில் இன்னும் இறுக்கினார்கள். ஆள் இல்லாதபோது மோசடி ஏதாவது இருந்தால் வெளியே வந்துவிடும் என்பது கணக்கு. எங்கள் வங்கியின் பட்டியலில் கடன் பிரிவு அதிகாரியும் உண்டு, அதாவது ஆயிடும் சாரும். ஒரு திங்கட்கிழமை காலை வந்தவரை, "வீட்டுக்குப் போங்க சார்" என்று மேனேஜர் திருப்பி அனுப்பினார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஆயிடும் சார், "அது ஆகாதே சார்" என்றார்.

மோசடி எதுவும் வெளியே வரவில்லை. அந்த மனிதர் அடுத்தவர் காசில் ஒரு காபி குடித்தவரில்லை. டிராயரிலிருந்து வெளியே வந்தது வேறு. பத்துப் பன்னிரண்டு பென்ஷன்காரர்களின் ஆயுள் சான்றிதழ், "குடுங்க, நானே ஏத்திடறேன்" என்று நவம்பரில் வாங்கி வைத்தது. தாம் உயிரோடிருப்பதற்கான அத்தாட்சி இங்கே ரப்பர் பேண்டுக்குள் கிடக்க, டிசம்பர் பென்ஷன் வராமல் அவர்களில் ஒருவர் கவுண்டரில் நின்று மேசையைத் தட்டிக் கத்திக்கொண்டிருந்தார். அதைவிட நல்ல அத்தாட்சி வேண்டியதில்லை, ஆனால் கம்ப்யூட்டர் காது கேட்டு நம்புவதில்லை. தவிர, ஒரு மகளிர் குழுவின் கடன் விண்ணப்பம், மண்டல அலுவலகத்தின் இரண்டு நினைவூட்டல் கடிதங்கள், யாரோ கொடுத்த கல்யாணப் பத்திரிகை, ஆறிப்போன கல்யாணம்.

எல்லோருமாகப் பிரித்துக்கொண்டோம். என்னிடம் மகளிர் குழு வந்தது. அதுவரை அந்தக் கடன் எப்படிப் போடுவது என்று எனக்குத் தெரியாது. சான்றிதழ்களைக் கேஷ் மேடம் எடுத்துக்கொண்டு ஒரே மதியத்தில் ஏற்றி முடித்தார். நடுவில் ஆயிடும் சாரிடமிருந்து போன்.

"மேடம், அந்தப் பச்சை ஃபைல்ல..."

"சார், நீங்க லீவுல இப்படிப் பேசறதே தப்பு. போனை வையுங்க."

"இல்ல மேடம், ஒருத்தருக்கு வாக்குக் குடுத்திருந்தேன்..."

"அது எங்களுக்கே தெரிஞ்சு போச்சு சார்."

அந்த வருஷம்தான் மண்டல அலுவலகம் 'பெஸ்ட் டீம் பிளேயர்' விருது அறிவித்தது. மேனேஜர் வேறு யாரை யோசிப்பார்? விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து அனுப்பும் வேலையையும் ஆயிடும் சாரிடமே கொடுத்தார். கடைசித் தேதி சாயங்காலம் நாலு மணிக்கு அது வெற்றுத்தாளாக அவருடைய டிராயரில் கிடைத்தது. கேஷ் மேடம் ஒன்றும் சொல்லாமல் வாங்கி, நின்றபடியே நிரப்பினார். 'சக ஊழியர்களின் வளர்ச்சிக்கு இவர் செய்த பங்களிப்பு' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் அவர் எழுதியது: "இவர் ஒப்புக்கொண்ட வேலைகளால் கிளையில் உள்ள அனைவரும் எல்லாப் பிரிவு வேலைகளையும் கற்றுத் தேர்ந்துள்ளனர்."

விருது கிடைத்துவிட்டது.