கறுப்பனுக்கு ஒரு கையெழுத்து

படுவான்கரை,
மட்டக்களப்பு.

வெளிநாட்டு நாய்கள் இலங்கையில் இறங்க ஒப்பமிடும் மேன்மைதங்கிய அதிகாரி அவர்கட்கு,

ஐயா,

கட்டாரில் சாரதியாக இருக்கும் என் மருமகன் வேலையை முடித்துக்கொண்டு ஊருக்கு வருகிறான். அவனால் உங்களுக்குத் தொல்லை இல்லை. கடவுச்சீட்டை நீட்டுவான், முத்திரை குத்துவார்கள், வெளியே வந்துவிடுவான். கூட வரும் கறுப்பன் விஷயமாகத்தான் இந்த மனு.

"மாமா, நான் வரக்குள்ள ஒரு ஆளையும் கூட்டிட்டு வாறன்" என்று வாட்ஸ்அப்பில் அவன் சொன்னதைக் கேட்டு, ஆள் என்றால் பிலிப்பைன்ஸ் பெண்தான் என்று என் அக்கா ஒரு பகல் முழுக்க அழுதாள். நாய் என்று தெரிந்ததும் சிரித்தாள். செலவைக் கேட்டதும் விட்ட இடத்திலிருந்து அழத் தொடங்கினாள். கறுப்பன் சாதி நாயல்ல. தொழிலாளர் விடுதி வாசலில் குட்டியாக வந்து நின்று, மிஞ்சிய சோற்றைத் தின்று வளர்ந்தவன்.

நீங்கள் கேட்கும் பத்திரங்களைப் படித்தேன். பிரமாதம், ஐயா. தோலுக்கடியில் அரிசிமணி அளவில் ஒரு சிப், அதில் 15 இலக்கம். எனது புதிய தேசிய அடையாள அட்டையில் 12 இலக்கம்தான். மூன்று இலக்கத்தால் கறுப்பன் எனக்கு மேலே. விசர்நாய்க்கடிக்குத் தடுப்பூசி போட்டால் போதாது. ஊசி வேலை செய்ததா என்று இரத்தத்தை ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, மில்லிலீற்றருக்கு 0.5 சர்வதேச அலகு எதிர்ப்புச்சக்தி இருப்பதாக எழுதி வாங்க வேண்டும். அந்த நாட்டு அரசாங்க மிருக வைத்தியரின் சான்றிதழ் வேறு. இத்தனைக்கும் மேலே உங்கள் அனுமதிப்பத்திரம்.

பெட்டிக்கும் சட்டம் உண்டு. நாய் எழுந்து நிற்க, திரும்ப, இயல்பாகப் படுக்க இடமிருக்க வேண்டும் என்று சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் விதித்திருக்கிறது. மருமகனுக்கு வாசித்துக் காட்டினேன். தன் அறையில் மேல்கட்டில்காரன் இந்த மூன்றில் ஒன்றைத்தான் செய்யலாம் என்றான்.

ஒரு நாய்க்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று ஊரில் கேட்டவர்களுக்கு முத்துராஜாவின் கதையைச் சொல்லி வாயை அடைத்தேன். உங்களுக்குத் தெரிந்தவர்தான். தாய்லாந்து 2001இல் அன்பளிப்பாகத் தந்த யானை. அளுத்கம விகாரையில் வேலை. ஒரு முன்னங்கால் மடங்காமல் போனது. எங்கள் பக்கத்தில் வெளிநாடு போய் உழைத்துக் கால் கை கெட்டுத் திரும்பியவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் முத்துராஜாவுக்குக் கேட்பதற்கு ஒரு நாடு இருந்தது. 2023 ஜூலை 2ஆம் திகதி இரும்புக் கூட்டில் ஏற்றி, கட்டுநாயக்கவிலிருந்து சியாங் மாய்க்குத் தனி விமானத்தில் கொண்டுபோனார்கள். கிட்டத்தட்ட நான்கு தொன் எடை. செலவு ஏழு இலட்சம் அமெரிக்க டொலர் என்று செய்தி. தாய்லாந்து மன்னரிடம் மன்னிப்புக் கேட்டதாக நமது அன்றைய பிரதமர் பாராளுமன்றத்திலேயே சொன்னார். கறுப்பனுக்கு மன்னிப்பு எதுவும் வேண்டாம். கையெழுத்துப் போதும்.

ஆனால் ஓர் ஐயம், கோபிக்க வேண்டாம். பிரித்தானியா 2000ஆம் ஆண்டு வரை வெளிநாட்டு நாய்களை ஆறு மாதம் அடைத்து வைத்தது. 2015இல் நடிகர் ஜோனி டெப் தன் இரண்டு நாய்களை அவுஸ்திரேலியாவுக்குச் சொல்லாமல் கொண்டுபோனபோது, திருப்பி அனுப்பாவிட்டால் கொல்லப்படும் என்று அந்நாட்டு அமைச்சர் மிரட்டினார். அவர்களின் நாய்களிடம் விசர்நாய்க்கடி இல்லை. அதை வரவிடாமல் பார்ப்பது அவர்கள் கவலை. நம்மிடம் அது பரம்பரைச் சொத்து. வெள்ளைக்காரன் 1893இலேயே அதற்கென்று ஒரு கட்டளைச் சட்டம் போட வேண்டியிருந்தது. 1973இல் மட்டும் நாட்டில் 377 பேர் அந்த நோயால் செத்தார்கள். இப்போது ஆண்டுக்குச் சில பத்துப் பேராகக் குறைந்திருக்கிறதென்றால் அது தெருத்தெருவாக ஊசியோடு அலைந்தவர்களின் உழைப்பு. அதில் எனக்குப் பகடி இல்லை. ஆனாலும் நோய் இன்னும் வீட்டுக்குள்ளேதான் படுத்திருக்கிறது. நியாயமாகப் பார்த்தால், இந்த ஊருக்கு வரப்போகும் கறுப்பன்தான் உங்களிடம் சுகாதாரச் சான்றிதழ் கேட்க வேண்டும்.

அவன் யாரோடு பழகப் போகிறான் என்று பாருங்கள். எங்கள் நாய்கள் வயல்வாடிக்குக் கூடவே வந்து, இரவில் யானை வந்தால் முதலில் குரைத்து, முதலில் ஓடிவருபவை. மாட்டுப்பட்டியில் படுத்து, சந்தைக்குப் பின்னால் குட்டி போடுபவை. ஆண்டுதோறும் நாயைப் பதிய வேண்டும் என்று 1901இலேயே சட்டம் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரரிடம் விசாரித்தேன். "எந்த நாய எண்டு பதியிற? வாற எல்லாத்துக்கும்தான் சோறு வைக்கம்" என்றார். அந்தக் கூட்டத்துக்குள் சிப்போடும் சான்றிதழோடும் ஒருவன் போய் நிற்கப் போகிறான்.

போவதும் இலேசில்லை. தோகாவிலிருந்து கட்டுநாயக்க ஐந்து மணித்தியாலத்துக்குள் வந்துவிடும். அதன் பிறகு மட்டக்களப்புக்குக் கிட்டத்தட்ட 300 கிலோமீற்றர். விமான நிலைய வாசலைத் தாண்டியதும் நிற்க, திரும்ப, படுக்க என்ற சட்டமெல்லாம் காலாவதி. பஸ் கொண்டக்டர் பெட்டியைப் பார்த்ததும் மணியடித்து விடுவார். வான் பிடித்து, மண்முனைப் பாலத்தால் வாவியைக் கடந்துதான் கொண்டுவர வேண்டும். அந்தப் பாலமும் 2014இல்தான் வந்தது. அதற்கு முன் என்றால் மிதவைப் பாதையில் ஏற்ற வேண்டும், பாதைக்காரரோடு வாதாட வேண்டும்.

வைரவர் மடை வைக்கும் ஊர் ஐயா இது. நாளை வைரவரே வெளிநாடு போய்த் திரும்பினால் அவர் நடந்துதான் வெளியே வருவார். அவருடைய நாய் வாகனம் உங்கள் மேசையில் நிற்கும். அதையும் நாங்கள் பொறுத்துக்கொள்வோம்.

கேட்பது இவ்வளவுதான். நூற்றுக்கு எழுபது நாய்க்கு ஊசி ஏறினால் நோய் பரவாமல் நின்றுவிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாய்க்கடியால் விசர் கண்டு ஒருவரும் சாகக்கூடாதென்று உலகம் குறித்த ஆண்டு 2030. கறுப்பனிடம் காட்டும் கண்டிப்பில் அரைவாசியை எங்கள் பட்டி நாய்களிடமும் காட்டுங்கள்.

மாடுகளும் உங்கள் பகுதிக்குள்தானே வரும்? மயிலத்தமடு, மாதவனைப் பண்ணையாளர்கள் மேய்ச்சல் தரைக்காக 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் வீதியோரம் உட்கார்ந்தார்கள். உள்ளூர் மாடு உள்ளூர்ப் புல்லுக்குள் இறங்க ஏதும் அனுமதிப்பத்திரம் இருந்தால் படிவத்தை அனுப்பி வையுங்கள். பூர்த்தி செய்ய எங்களுக்குப் பயிற்சி இருக்கிறது.

கடைசியாக ஒன்று. கறுப்பனின் 15 இலக்கத்தை வாசிக்கும் கருவி படுவான்கரையில் யாரிடம் இருக்கிறது? ஒருவரிடமும் இல்லையென்றால், இலக்கத்தை மட்டையில் எழுதிக் கழுத்தில் தொங்கவிடலாமா என்பதையும் பதில் கடிதத்தில் குறிப்பிடவும்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
கறுப்பனின் மாமா