பதினோராயிரம் கையெழுத்து

சர்க்காரிடம் போய் "ஊர்ப் பிள்ளைகள் படிக்கக் காசு கொடுங்கள்" என்று கேட்பவனுக்கு இரண்டு தகுதிகள் வேண்டும். தோல் தடிப்பாக இருக்க வேண்டும். கணக்குத் தெரிந்திருக்கக் கூடாது. கோபால கிருஷ்ண கோகலேவுக்கு இரண்டாவதில்தான் இடித்தது. மனிதர் புனே ஃபெர்குசன் கல்லூரி வாத்தியார். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குப் புத்தகமே எழுதியவர். அப்பேர்ப்பட்டவர் 1911 மார்ச்சில் வைசிராயின் சட்டசபையில் தொடக்கக் கல்வி மசோதாவைக் கொண்டுபோய் வைத்தார். 1909 சீர்திருத்தப்படி அந்தச் சபையில் அதிகாரிகளுக்கே பெரும்பான்மை. துரைமார் தலையாட்டாமல் அங்கே ஒரு காற்புள்ளிகூட நகராது.

மசோதாவோ பரம சாது. 6 முதல் 10 வயது வரையுள்ள பையன்களுக்கு மட்டும் கட்டாயக் கல்வி. (பெண் பிள்ளைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமாம்.) அதுவும் நகராட்சியோ ஜில்லா போர்டோ விரும்பினால். விரும்பினாலும், மாகாண அரசு அனுமதித்தால். அனுமதித்தாலும், அந்த வட்டாரத்தில் ஏற்கெனவே போதுமான பையன்கள் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தால். பெண் கேட்கப் போனவன் வாசலிலேயே நின்று, "பெண்ணெல்லாம் வேண்டாம், ஜாதகத்தைத் தூரத்திலிருந்து காட்டினால் போதும்" என்ற கதைதான்.

இதற்கே ஜமீன்தார்களுக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. பையன்கள் பலகையோடு உட்கார்ந்துவிட்டால் வயலில் இறங்க ஆள்? தர்பங்கா மகாராஜா 11,000 கையெழுத்துத் திரட்டி எதிர்ப்பு மனு கொடுத்தார். அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 6 பேர்தான். மீதி 94 பேருக்கு எழுத்து வேண்டாம் என்று, எழுதத் தெரிந்தவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். கைநாட்டுக்காரன் கையில் அந்த மனுவையே கொடுத்திருந்தாலும், அது தன்னைப் பற்றியது என்று அவனுக்குத் தெரிந்திருக்காது.

நடுவில் டிசம்பரில் டெல்லி தர்பார். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் மனமிரங்கிக் கல்விக்கு 50 லட்சம் ரூபாய் அறிவித்தார். அதே தர்பாரில் பரோடா மகாராஜா சாயாஜிராவ் மன்னரை ஒரே ஒரு முறை வணங்கிவிட்டு முதுகைக் காட்டித் திரும்பி நடந்தார், பேரரசே அதிர்ந்தது. இந்த மனிதர் 1906-லேயே தன் சமஸ்தானம் முழுவதும் கட்டாய இலவசத் தொடக்கக் கல்வியைக் கொண்டுவந்திருந்தார், சிறுமிகளையும் சேர்த்து. பத்திரிகைகளுக்கு முதுகுதான் செய்தி.

1912 மார்ச்சில் மசோதா விவாதத்துக்கு வந்தது. இரண்டு நாள் பேசினார்கள். கல்வித்துறை உறுப்பினர் ஹார்கோர்ட் பட்லர் உட்பட எதிர்த்தவர்கள் யாரும் கல்வி கெட்டது என்று சொல்லவில்லை. அங்கேதான் சாமர்த்தியம். நோக்கம் நல்ல நோக்கம், கோகலே நல்ல மனிதர். ஆனால் காசில்லை, வாத்தியார் இல்லை, ஜனங்களே கேட்கவில்லை, கட்டாயம் என்பது இந்தியாவுக்கு ஒத்துவராது. இங்கிலாந்தில் மட்டும் 1880-லேயே கட்டாயம் ஆகியிருந்தது. தேம்ஸ் கரையில் கஷாயம், ஹூக்ளி கரையில் விஷம்.

வாக்கெடுப்பு: ஆதரவு 13, எதிர்ப்பு 38. கணக்கு வாத்தியார் அசரவில்லை. தோற்கப் போகிறது என்று தெரிந்தேதான் வந்தேன் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

1915-ல் அவர் போய்ச் சேர்ந்தார். பம்பாய் மாகாணம் 1918-ல் ஒரு சட்டம் போட்டது. மற்ற மாகாணங்கள் ஆளுக்கொன்றாகப் பின்தொடர்ந்தன. மத்திய அரசின் கட்டாய இலவசக் கல்விச் சட்டம் 2010 ஏப்ரல் 1-ஆம் தேதி அமலுக்கு வந்தது. 1912-ல் பலகைக்காகக் காத்திருந்த ஆறு வயதுப் பையன் அன்று உயிரோடு இருந்திருந்தால் அவனுக்கு 104 வயது. ஆனால் சட்டத்தின் வயது வரம்பு 14. தாத்தா முதியோர் கல்விக்குத்தான் போக வேண்டும். அதற்கான நிதிக்குத் தனியாக மனுப் போட வேண்டும்.